இருபது பேருக்கு ஒரே அட்டை

விடிவதற்குள் இருநூறு பெட்டிகளுக்கு டேப் ஒட்டியிருந்தோம். போர்ட் கிள்ளான் கிடங்கில் காலை ஆறு மணி ஷிப்ட்; இங்கே ஏழு மணிக்கு மேல்தான் விடியும். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கை நின்றால் பெட்டி மேல் பெட்டி ஏறும். இருபது பெண்களுக்கு ஒரே தண்டாஸ் அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கழிவறைக்குப் போனவள் திரும்பினால்தான் அடுத்தவள் போகலாம். அதனால் நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அதையும் ஒரு சாமர்த்தியம் என்றே நினைத்தோம்.

எனக்குப் பதினேழு வயது. சிறுநீர் போகும்போது எரிச்சல்; நான்கு மாதத்தில் இது மூன்றாவது முறை. கிளினிக் டாக்டர் திட்டியேவிட்டார்: தண்ணீர் நிறையக் குடி, வந்தால் அடக்காதே, எரிச்சல் நின்றதும் மாத்திரையைப் பாதியில் விடாதே, இப்படியே போனால் கிருமி கிட்னிக்கு ஏறும். தலையாட்டிவிட்டு வந்தேன். பெல்ட் முன்னால் யார் விடுவது?

எவலின் மட்டும் தப்பித்தாள். கிள்ளானில் எங்கள் மாதா கோயில்காரி, என்னோடு படித்தவள். கம்ப்யூட்டர் தெரியும் என்று அவளை ஆபீசுக்கு ஏற்றிவிட்டார்கள். ஏர்கான், நாற்காலி, பெரிய தண்ணீர் போத்தல், ஆபீஸ் தண்டாஸ் சாவி. கண்ணாடி வழியே அவள் மடக் மடக்கென்று குடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு டாக்டர் மாத்திரை தரவில்லை.

ஒருநாள் பெல்ட்டில் என்னோடு நிற்கும் நஸ்ரின் ரகசியமாக ஆபீஸ் பக்கம் போய் வந்தாள். மறுநாள் இன்னொருத்தி. எவலின்தான் சாவி கொடுக்கிறாள் என்று புரிந்தது. எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. பொறாமை கண்ணை மறைத்தது. சூப்பர்வைசர் விமலனிடம் போட்டுக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை எவலினை ஆபீசிலிருந்து இறக்கிவிட்டார்கள்; என் பக்கத்தில் நின்று டேப் ஒட்டினாள். அடுத்த வாரமே அவளும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒனக்குத்தான் மொதல்ல குடுக்கணும்னு நெனச்சேன், ஏமி. நீதான் என் மொகத்தயே பாக்க மாட்டியே” என்றாள்.

காட்டிக்கொடுத்தது நான்தான் என்று சொன்னேன். அவள் திட்டவில்லை; ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

அன்றே அவள் அட்டை கேட்டாள். போனவள் இன்னும் வரவில்லை. விமலன் அசையவில்லை.

“பொறுத்துக்கோ லா. எல்லாரும் போய்ட்டா பெல்ட்ட யாரு பாக்குறது?”

“இந்த நோவு யார் யாருக்கு இருக்குன்னு கேளுங்கண்ணே” என்றேன்.

அவர் கேட்கவில்லை, நான் கேட்டேன். அதுவரை வெட்கத்தில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நஸ்ரின் முதலில் கை தூக்கினாள். பிறகு ஐந்து கைகள், பிறகு பன்னிரண்டு. நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பெல்ட் நின்றது.

“பாஸ்கிட்ட சொல்றேன். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிருவாரு” என்றார் விமலன்.

“சொல்லுங்கண்ணே. தண்டாஸ் போக அட்ட வேணாம், தண்ணி குடிக்க விடணும். அதயும் சேத்துச் சொல்லுங்க.”

எல்லோரும் தண்டாஸ் வாசலில் வரிசையாக நின்றோம். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. எவலினை முதலில் உள்ளே விட்டார்கள். அப்போதும் எனக்குள் ஒரு சின்னப் பொறாமை குத்தியது. நான் கடைசியில் நின்றேன்; அதுதான் நியாயம்.

வெளியே வந்தவள் பெல்ட் பக்கம் போகவில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“நீ போய்ட்டு வர்ற வரைக்கும் யாரும் பெல்ட்டத் தொட மாட்டோம்” என்றாள்.