வழுக்கும் படி

தையல்காரியின் மகள் தன் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்ன நொடியிலிருந்து, அந்தக் கட்டடத்து மாடிப்படியின் மேல் படி வழுக்க ஆரம்பித்தது. அதற்கு முன் அது சொரசொரப்பான சிமெண்டுப் படி. அதிலிருந்து உருண்டுதான் வீட்டுச் சொந்தக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். பரம சாது என்று கட்டடமே அழுதது. புருஷன் இல்லாத தையல்காரி தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து, குழாயைச் சரிபார்க்கிறேன் என்று அவர் மாடியேறிய கதை எல்லோருக்கும் தெரியும். அதற்காகச் செத்தவரைத் தப்பாகப் பேச முடியுமா? சிறுமிக்குக் காய்ச்சல் கண்டபோது தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவர்தான். அவர் விழுந்த அன்று, "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவரின் முதுகில் அம்மா இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளியதை, கதவிடுக்கு வழியாகச் சிறுமி மட்டும் பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் கெட்டிக்காரர். பூட்ஸால் தேய்த்துப் பார்த்து, இந்தப் படி வழுக்கவே வழுக்காது என்று கண்டுபிடித்தார். தையல்காரி அளவு நாடாவைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். குழந்தைகள் பொய் சொல்ல மாட்டார்கள் என்று எங்கேயோ படித்திருந்ததால் அவர் சிறுமியிடம் குனிந்தார்.

"பாப்பா, மாமா எப்படி விழுந்தாரு?"

அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவள் பயந்தாள்.

"வழுக்கிருச்சு."

படியில் கால் வைத்த இன்ஸ்பெக்டர், தொப்பி ஒரு பக்கம் லத்தி ஒரு பக்கமாக, உட்கார்ந்த வாக்கிலேயே கீழ்த்தளம் வரை போனார். இடுப்பைப் பிடித்துக்கொண்டே கேஸை முடித்தார்.

கொத்தனார் அந்தப் படியைக் கொத்தினார், இடித்துவிட்டுப் புதிதாகவும் கட்டினார். பொட்டு ஈரமில்லாமல் அது வழுக்கியது. கடைசியில் கைப்பிடிக் கம்பி வைத்தார்கள். அவள் வாக்கு பலிக்கும் என்று புரிந்துகொண்ட குடித்தனக்காரர்கள் சிறுமியை மொய்த்தார்கள். "எம்பையன் பாஸாயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லு கண்ணு" என்றாள் எதிர்வீட்டு அத்தை. சொன்னாள். பையன் ஃபெயில். பலிக்கிற பொய் அவளிடம் ஒன்றுதான் இருந்தது, அது செலவாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் சொன்னவையெல்லாம் ஊரார் பொய்யைப் போல வெறும் பொய்கள்.

வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, ஒருநாள் தாங்க முடியாமல், "அம்மா, அன்னைக்கு நீ அவர..." என்று ஆரம்பித்தாள்.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. "பாவம்டி அந்த மனுஷன். அப்பவே ஒரு கம்பி வச்சிருந்தா பொழச்சிருப்பாரு."

நடிப்பில்லை. நிஜமாகவே கண்கலங்கினாள். தள்ளியதே நினைவில்லாதபடி, அம்மாவின் கைகளுக்குக்கூட அந்தப் பொய் பலித்துவிட்டிருந்தது. மகளுக்கும் அழுகை வந்தது, யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கும் எல்லோரும் கம்பியைப் பிடித்தபடிதான் இறங்குகிறார்கள். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரத்தோடு இதையும் சொல்லிவிடுவார்கள். மகள் மட்டும் இரண்டு கைகளிலும் பைகளோடு விறுவிறுவென்று இறங்கிப் போவாள். அவளுக்கு அந்தப் படி வழுக்குவதில்லை.