உப்புநீர்ப் பையின் மேல் ஒரு துணி

1

இந்தக் கதை ஓர் இருமலில் பிறந்தது. மருத்துவமனை நடையில் வேறு யாருக்காகவோ காத்திருந்தேன். பாதி திறந்திருந்த கதவுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "இருமுங்க அண்ணே" என்றது. யாரோ இருமினார். "இன்னொரு தடவை." மறுபடி இருமினார். முகத்தை நான் பார்க்கவில்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: முதுகெலும்பு முறிந்த மனிதனின் தனிமை என்பது — வேண்டாம். கொட்டாவி விடுவீர்கள்.

இரண்டாவது: அவர் பெயின்டர். சாரத்திலிருந்து விழுந்ததில் மார்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இன்று சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளக்கிறார்கள். மெல்லிய குழாய் வழியாக உப்புநீரை உள்ளே விடுவார்கள். திரையில் கோடு ஓடும். நிறைவது தெரிந்தால் அவர் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

(இருமல் எதற்கென்று பிறகு விசாரித்தேன். இருமினால் கோடு துள்ள வேண்டும். துள்ளாவிட்டால் குழாய் சரியாக அளக்கவில்லை. அவர் வாயால் சொல்வதைச் சரிபார்க்க அப்படி ஒன்றும் இல்லை.)

3

அழுத்தம் எகிறி, அது அவருக்குத் தெரியவும் இல்லை என்றால், வயிற்றில் நிரந்தரக் குழாய், தொடையில் ஒரு மூத்திரப் பை. டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க வீட்டுக்கே வந்துடுங்கப்பா" என்று மகள் போனில் கெஞ்சுகிறாள். "டெஸ்ட் முடியட்டும்மா" என்று சொல்லிவிட்டு, ஒற்றை அறையில் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். மருமகன் முன்னால் மூத்திரப் பையோடு உட்கார அவருக்கு மனசு வராது. எனக்கும் வராது.

4

"இப்போ வருது மேடம்" என்றார். இருமச் சொன்ன டெக்னீஷியன் பெண்ணின் முகம் மலர்ந்தது. ஒருமுறை அளந்ததை நம்பக்கூடாது என்று இரண்டாம் முறையும் நிரப்பினாள். அதே அளவில், அதே "இப்போ".

[இங்கேதான் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.]

அவளுக்கும் வந்தது. அவர் கண் போகும் திசையைப் பார்த்தாள். கம்பியில் தொங்கும் உப்புநீர்ப் பை. பெயின்ட் டின்னில் எவ்வளவு மிச்சம் என்று எட்ட நின்றே சொல்கிற ஆளுக்கு, இதில் எவ்வளவு இறங்கியது என்று கணிப்பது ஒரு வேலையா?

"பையப் பாத்தா சொல்றீங்க?"

"பொய் சொல்லல மேடம். அதப் பாத்தாதான் வருது."

"நீங்க சொல்றத நம்பி விட்டுட்டா பிரஷர் ஏறி கிட்னி போயிடும் அண்ணே. அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

மூன்றாம் முறை பையின் மேல் துணியைப் போட்டாள்.

5

முடிவு அ: அவர் "இப்போ" என்கிறார். கோடும் அப்போதுதான் ஏறுகிறது. மகள் வீட்டு வாசலில் — (தித்திக்கிறது. அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: அவர் "இப்போ" என்கிறார். அவள் நீரை இன்னும் திறந்தே விடவில்லை. (இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

6

எனவே இங்கேயே நிற்கிறேன். அவர் துணியையே பார்க்கிறார். நெற்றி வியர்க்கிறது. இவரைப் போன்றவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தாலும் வியர்க்கும், பயந்தாலும் வியர்க்கும்.

"சொல்லுங்க அண்ணே. உங்களுக்கு என்ன தெரியுது?"

இப்படி அவரை ஒருவர் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. அதற்காகவாவது ஏதாவது சொல்லலாம் என்று அவருக்குத் தோன்றுகிறது.

வாயைத் திறக்கிறார். நான் நடையில் இருக்கிறேன், எனக்குக் கேட்கவில்லை. உள்ளே நிற்பது நீங்கள்தான். என்ன சொன்னாரென்று நீங்களே கேளுங்கள். நம்புவதா என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

சட்டைப் பையில் அவருடைய போன் அடிக்கிறது. மகளாகத்தான் இருக்கும்.