இரண்டாம் ஞானஸ்நானம்

டென்மார்க்காரன் ஆளும் சாந்தா குரூஸ் தீவிலிருந்து படகில் தப்பி வருகிறவர்களை எங்கள் ஊரில் யாரும் வரவேற்பதில்லை. கரையில் கிடப்பவர்களைத் தூக்கி நிழலில் போடுவோம், குடிக்கத் தண்ணீர் கொடுப்போம், கோட்டைக்கு ஆள் அனுப்புவோம். நாங்கள் எல்லோருமே அப்படி வந்தவர்கள். கட்டிக்கொண்டு அழ இதில் புதிதாக ஒன்றுமில்லை.

ஸ்பெயின் ராஜாவின் சட்டம் எளிமையானது. டென்மார்க்காரனின் தீவிலிருந்தோ இங்கிலீஷ்காரனின் தீவிலிருந்தோ போர்ட்டோ ரிக்கோவுக்கு ஓடிவரும் அடிமை, உண்மையான மதத்தில், அதாவது கத்தோலிக்கத்தில், சேர வந்தேன் என்று சொல்லி ஞானஸ்நானம் பெற்றால் அவனுக்கு விடுதலை. ராஜாவுக்கு எங்கள் மேல் பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய சொந்த மண்ணிலும் கரும்பு வெட்ட அடிமைகள் இருந்தார்கள். அவர்கள் எந்தத் தண்ணீரில் முங்கினாலும் அடிமைகள்தான். பக்கத்து ராஜாவின் சொத்து குறைந்தால் இவருக்கு ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தின் ஓரத்தில், சதுப்பும் நண்டு வளைகளுமாக இருக்கிறது எங்கள் ஊர் கங்கிரேஹோஸ்.

என் பெயர் ஹசிந்தோ. சாந்தா குரூஸில் பிறந்து இங்கே வந்தவன். அங்கத்திய அடிமைப் பேச்சும் ஸ்பானிஷும் தெரியும் என்பதால் விசாரணைகளில் மொழிபெயர்ப்பது என் வேலை. விசாரணை முடியும்வரை வந்தவர்கள் என் வீட்டில்தான் தங்குவார்கள்.

அந்த முறை ஒரே படகில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் குவாமினா. எந்த மதமும் இல்லாதவன், அதனால் பிரச்சினையும் இல்லாதவன். இன்னொருத்தி அபெலோனா. பிரச்சினை அவளிடம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த சகோதர சபைக்காரர்கள் அங்கேயே அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். அவளைத் திரும்பக் கேட்டுத் தோட்ட முதலாளியின் ஆள் லுண்ட் என்பவன் கப்பலில் வந்து இறங்கியிருந்தான். அவனுடைய வாதம் இதுதான்: இவள் ஏற்கெனவே கிறிஸ்தவள், மதம் தேடி வந்தவள் இல்லை, தன்னைத்தானே திருடிக்கொண்டு ஓடிவந்தவள். ராஜாவின் சட்டம் இவளுக்குப் பொருந்தாது.

அதை உடைக்க ஒரே வழி, அந்த ஞானஸ்நானம் பொய் என்று அவள் வாயால் சொல்வது.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் என் மனைவி தொமாசா மரவள்ளிக் கிழங்கு துருவிக்கொண்டே அவளுக்குப் புத்தி சொன்னாள்.

"பொண்ணே, நாளைக்குச் சாமியாரு கேப்பாரு, அந்தத் தண்ணி பொய்தானேன்னு. ஆமான்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது."

"பொய் இல்லியேக்கா."

"எனக்கென்ன தெரியும் பொய்யா நிஜமான்னு? சொல்லுன்னுதான் சொல்றேன்."

"தோட்டத்துல இதையேதான் சவுக்க வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. அப்பவே சொல்லல."

குவாமினா வாசலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். "என்னை எத்தனை தடவை வேணும்னாலும் முக்கட்டும். இவளுக்கும் சேத்து நானே ரெண்டு முங்கு போட்டுடறேன், கேட்டுப் பாருண்ணே."

"நீ முங்கினா அழுக்குதான் போகும்," என்றாள் அபெலோனா.

நான் கேட்டேன்: "திரும்பிப் போனா என்ன பண்ணுவாங்கன்னு தெரியுமில்ல?"

"கால வெட்டுவாங்க."

கிழங்கு விலை சொல்வதுபோலச் சொன்னாள். நாங்கள் விடாமல் பேசிப் பார்த்தோம். கடைசியில், "சீட்டுப் போட்டுப் பாக்கறேன்," என்றாள்.

அவர்கள் சபையில் அது வழக்கம். யாரைச் சேர்ப்பது, யாரை யாருக்குக் கட்டிவைப்பது, எல்லாவற்றுக்கும் ஜெபம் செய்துவிட்டுச் சீட்டு எடுப்பார்கள். வருவது ஆண்டவரின் பதில். வெள்ளை அவரைக்கொட்டை ஒன்று, கறுப்பு அவரைக்கொட்டை ஒன்று கேட்டாள். வெள்ளை வந்தால் பொய் என்று சொல்லலாம். கறுப்பு வந்தால் கூடாது. தொமாசா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். ஒரு பாத்திரம் கேட்டால் ஊர்க்கதை பேசி முடித்துவிட்டு எடுத்துத் தருகிறவள், அன்று ஓடிப்போய் வந்தாள்.

அபெலோனா கண்ணை மூடி முணுமுணுத்துவிட்டுக் கைவிட்டு எடுத்தாள். வெள்ளை.

"பாத்தியா? ஆண்டவரே சொல்லிட்டாரு," என்றாள் தொமாசா.

அபெலோனா பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மிச்சமிருந்ததும் தரையில் விழுந்தது. அதுவும் வெள்ளை. எடுத்தவர் கை ஏமாற்றவில்லை என்பதற்கு மற்றதையும் எல்லோருக்கும் காட்ட வேண்டுமாம். அது எங்களுக்குத் தெரியாது.

"ஆண்டவர் ரொம்ப உறுதியா இருக்காரு," என்றான் குவாமினா.

"உங்களுக்கு நல்ல மனசுக்கா. ஆனா நான் கேட்டது உங்கள இல்ல."

"மறுபடி போடு. நான் கிட்டயே வரல."

"ஒரு விஷயத்துக்கு ஒரு தடவதான். பதில் வரலேன்னா நமக்குத் தெரிஞ்சதைச் சொல்லணும்."

"அப்ப செத்துத் தொலை," என்று தொமாசா துருவ உட்கார்ந்தாள். அன்றைய ரொட்டியில் கிழங்கோடு தோலும் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலையில் கோயிலை ஒட்டிய அறையில் விசாரணை. பாதிரியார் அநாக்லெத்தோ, கோட்டையிலிருந்து வந்த கேப்டன், லுண்ட், நாங்கள். லுண்டுக்கு அடிமைப் பேச்சு நன்றாகத் தெரியும். அதிலேயே இருபது வருஷம் திட்டிப் பழகியவன். ஆகவே நான் எதையும் மாற்றிச் சொல்ல வழியில்லை.

குவாமினாவை முதலில் கூப்பிட்டார்கள்.

"எதுக்கு வந்தே?"

"உண்மையான மதத்துக்கு, சாமி."

"அது என்னன்னு தெரியுமா?"

"தெரிஞ்சா அங்கயே இருந்திருப்பேனே. நீங்க சொல்லித் தருவீங்கன்னுதான் கடல்ல வந்தேன்."

கேப்டன் சிரித்துவிட்டார். அவன் வேலை முடிந்தது.

பிறகு அபெலோனா. ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியிருக்கிறாயா என்று பாதிரியார் கேட்டார். வாங்கியிருக்கிறேன் என்றாள். அந்த மதவிரோதிகள் ஊற்றியது பொய்யான தண்ணீர்தானே என்று கேட்டார். பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்துவிட்டார். நானும் அதை மெதுவாக, ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற மாதிரியே கேட்டேன்.

"இல்ல. நிஜம்தான்."

நான் மொழிபெயர்த்தேன். வேறென்ன செய்ய. லுண்ட் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "அவளே சொல்லிட்டா," என்றான். பாதிரியார் மேசையைப் பார்த்தார். கேப்டன் எழுந்து தொப்பியைத் தேடினார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவள் பேசி முடிக்கவில்லை. லுண்டைக் காட்டிச் சொன்னாள்.

"இந்த ஐயா தலையில ஊத்தினதும் என் தலையில ஊத்தினதும் ஒரே தண்ணிதான். அவருக்கு நிஜம்னா எனக்கும் நிஜம். நாங்க ஒரே அப்பன் பிள்ளைங்க. அவரு எனக்கு அண்ணன் முறை."

குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவள் அதை உண்மையாகவே நம்பினாள். அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கும்வரை லுண்ட் காத்திருக்கவில்லை. கழுத்துவரை சிவந்துபோய் எழுந்து நின்றான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பானிஷில் கத்தினான்.

"அண்ணனா? யாருக்கு யாருடி அண்ணன்? எனக்கு ஊத்தினது முறையா பட்டம் வாங்கின குருவானவர். உனக்கு ஊத்தினவன் யாரு? ஊர்சுத்திப் பய. எங்க சபை அவனுங்கள வாசப்படி ஏத்தாது. குட்டைத் தண்ணிய மொண்டு தோட்டத்துக் கறுப்பிங்க தலையில ஊத்திட்டா அதுக்குப் பேரு ஞானஸ்நானமா?"

பாதிரியார் நிமிர்ந்தார். "அது ஞானஸ்நானமே இல்லங்கறீங்க?"

"இல்லவே இல்ல."

"உங்க சபையே ஒத்துக்காது?"

"ஒருநாளும்..." என்றவன் நிறுத்தினான்.

அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவனுக்குக் கடைசியாகப் புரிந்தது.

"கேப்டன்," என்றார் பாதிரியார், "முதலாளி தரப்பே சொல்லுது, இந்தப் பொண்ணுக்கு இதுவரைக்கும் ஞானஸ்நானம் ஆகலன்னு. நமக்கு அதுல ஆட்சேபம் இருக்கா?"

"எனக்கு என்ன ஆட்சேபம்," என்றார் கேப்டன்.

லுண்ட், தான் சொன்னதற்கு அர்த்தம் அதுவல்ல என்று ஆரம்பித்தான். கேப்டன் அவனைக் கையமர்த்தினார். டென்மார்க்காரன் ஒருவன் உளறிக் கெட்ட கதை, கோட்டையில் அவருக்கு ஒரு மாதச் சாப்பாட்டுப் பேச்சுக்கு ஆயிற்று.

பாதிரியார் அவள் பக்கம் திரும்பினார். "இங்க ஞானஸ்நானம் வாங்கிக்கிறியா?"

நான் கேட்டேன். அவள் யோசித்தாள். யோசிக்காதே என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"ஊத்தணும்னா ஊத்துங்க. மேல ஊத்தறதால அடியில இருக்கற தண்ணி போயிடாது."

"ஊத்துங்கங்கிறா, சாமி," என்றேன். லுண்டுக்கு முழுதும் கேட்டது. வாயைத் திறந்தான். ஆனால் அந்த நேரத்துக்கு அவன் பேச்சைக் கேட்கிற ஆள் அறையில் யாரும் இல்லை.

திரும்பி வருகிற வழியில் சதுப்பு ஓரமாக நடந்தோம். குவாமினா தனக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தான். அபெலோனா குனிந்த தலையோடு பின்னால் வந்தாள்.

"எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றேன். "பொழச்சிட்டல்ல."

"அந்த ஆளு பொய்யுன்னு சொன்னதாலதான பொழச்சேன். நான் நிஜம்னு சொன்னது அந்த அறையில யாருக்கும் வேணாம்."

"காலு இருக்கில்ல?"

"இருக்கு."

"நட."

நடந்தாள். சில வாரங்கள் கழித்து, ஜெபங்களைக் கற்று முடித்த பிறகு, இரண்டு பேர் தலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். அவள் அசையாமல் நின்றாள். ஓடிவந்து விடுதலையான எல்லோரும் ராஜாவுக்குச் செய்ய வேண்டிய கூலியில்லாத வேலையை அவளும் செய்து முடித்தாள். அதன் பிறகு கொடுக்கும் நிலத்தில், எங்களுடையதற்கு அடுத்த துண்டு அவளுக்குக் கிடைத்தது. இப்போது அதில் மரவள்ளி போடுகிறாள். தொமாசாவும் அவளும் தினமும் வேலியோரம் சண்டை போடுகிறார்கள்.

சாந்தா குரூஸிலிருந்து புதிதாக யாராவது கரை சேர்ந்தால் அவள் போய்ப் பார்ப்பாள். முதல் கேள்வி, லுண்ட் இன்னும் இருக்கிறாரா என்பது. இருக்கிறான் என்று சொன்னால், "அவருக்காக ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன்," என்பாள். அவன் நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறாளா, வேறு எதற்காவதா என்று ஒருமுறை கேட்டேன். அது என்னிடம் சொல்கிற விஷயமில்லை என்றாள்.