ஹார்லன் கொடுத்த ஏழு அங்குலம்

ஏப்ரல் கடைசி வாரத்தில் ஹார்லன் ஸ்கோக்லண்டின் கராஜ் கூரை நாளுக்கு ஓர் அங்குலம் வீதம் உயர்ந்தது. அதே வீதத்தில் ஹார்லன் குட்டையானார். மினசோட்டாவில், எங்கள் நோர்டால் ஊரில், ஏரியின் கடைசிப் பனிக்கட்டி கரைந்ததும் அந்த வாரம்தான்.

ஹார்லனுக்கு வயது அறுபத்திரண்டு, உயரம் ஆறடி மூன்று அங்குலம். தன் பழைய பிக்கப் வண்டியைப் பத்தொன்பது வருடங்களாகப் பழுதுபார்த்துவந்தார். இனி சிமென்ட் தரையில் படுத்தால் முதுகு போய்விடும் என்றார் மருத்துவர். ஒன்று நின்று வேலை செய், இல்லையென்றால் வண்டியை விற்றுவிடு என்றார் மனைவி ஆர்டிஸ். வண்டியைத் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்ட் வந்து இறங்கியது. ஆனால் வண்டி கூரையைத் தொட்ட பிறகும் ஹார்லன் அடியில் நிமிர்ந்து நிற்க இன்னும் பதினான்கு அங்குலம் தேவைப்பட்டது.

கூரையை உயர்த்த நகர அலுவலகத்தில் அனுமதி கேட்டார். வரைபடம் யார், மரம் யார், வேலை யார் என்ற எல்லாக் கட்டங்களிலும் 'நானே' என்று எழுதுவது எங்கள் ஊர் ஆண்களின் பழக்கம். 'கூடுதல் உயரம் எங்கிருந்து பெறப்படும்?' என்ற கட்டத்திலும் ஹார்லன் படிக்காமல் அதையே எழுதினார். ஆய்வாளர் லீலண்ட் க்வாமும் படிக்காமல் முத்திரை குத்தினார். ரம்பத்தை எடுப்பதற்குள் கூரை கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் ஆர்டிஸ் கவனித்தார். "உன் பேண்ட் தரையப் பெருக்குது, ஹார்லன்."

"துணி நீண்டிருக்கும்."

"ஊர்ல எல்லாருக்கும் துவைச்சா சுருங்குது. உனக்கு மட்டும் நீளுதாக்கும்!"

ஐந்தாம் நாள் ஆர்டிஸ் சிரிக்கவில்லை. "இன்னும் ஒன்பது அங்குலம் போகணும். அப்புறம் உன்ன ஸ்டூல்ல ஏத்திதான் முத்தம் குடுக்கணும். போதும், வண்டிய வித்துடு."

ஹார்லன் அனுமதியைத் திருப்பிக் கொடுக்கப் போனார். "அதுக்குத் தனிப் படிவம் இருக்குப்பா," என்றார் லீலண்ட். "ஆனா அதுலயும் நீ 'நானே'ன்னுதான் எழுதித் தொலைப்ப."

வேறு வழியின்றி வண்டியை விற்க ஒத்துக்கொண்டார். ஏழாம் நாள், வாங்குபவர் வருவதற்குள் கடைசியாக ஒருமுறை அடிப்பக்கத்தைத் துடைத்துவிடலாம் என்று வண்டியைக் கூரைவரை ஏற்றி அடியில் போனார். தலை இடிக்கவில்லை. கூரை ஏழு அங்குலம் மேலே போயிருந்தது, அவர் ஏழு அங்குலம் கீழே வந்திருந்தார், கூட்டினால் பதினான்கு. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், சரிதான். அதன் பிறகு கூரையும் அசையவில்லை, ஹார்லனும் குறையவில்லை. வாங்க வந்தவர் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார்.

லீலண்ட் இருவரையும், அதாவது கூரையையும் ஹார்லனையும், டேப் வைத்து அளந்து கையெழுத்திட்டார். ஓட்டுநர் உரிமத்தில் ஐந்தடி எட்டு என்று மாற்றினார்கள். அது ஆர்டிஸின் உயரம். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் ஆர்டிஸ் தைத்துக் கொடுத்த திண்டின் மேல் உட்கார்ந்து ஹார்லன் வண்டியை ஓட்டினார்.

மறு ஆண்டு முதல் அனுமதிப் படிவத்தில் 'கூடுதல் உயரம்' கட்டத்துக்குக் கீழே 'மனைவியின் சம்மதம்' என்று ஒரு வரி சேர்த்தார்கள். இதுவரை நான்கு பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். மூன்று மனைவிகள் உடனே கையெழுத்துப் போட்டார்கள். நான்காமவர் இன்னும் கணவரை அளந்துகொண்டிருக்கிறார்.