தேய்த்துத் தேய்த்து மெலிந்த கல்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. உயிரோடிருக்கும்போதே தன் கல்லறைக் கல்லைச் செதுக்கக் கொடுத்த ஒரு பெரிய மனுஷர் கதை சொல்கிறேன். என் மூளையில் உதித்ததல்ல. மழைக்குக் கல் பட்டறையில் ஒதுங்கியபோது காதில் விழுந்தது. திருட்டுச் சரக்குதான்.

1

அந்த மாமனிதர் கம்பீரமாக நடந்து...

(வேண்டாம். கல் தூசிக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்தார்.)

லாரி முதலாளியாக இருந்து ஓய்ந்தவர். கல்லில் வெட்டச் சொல்லியிருந்தது: 'தாயைத் தாங்கிய தனயன்.' கூட வந்த தங்கச்சி படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அம்மாவ படுக்கையில புரட்டிப் போட்டது நான்ணே. நீ எப்பவாச்சும் வந்து, வாசல்லயே நின்னு, நாத்தம் அடிக்குதுன்னுட்டுப் போனே."

"அதையெல்லாமா கல்லுல போடுவாங்க?"

"போட வேணாம். பொய்யையும் போடாதே. உன் கல்லப் பாக்க வரப்போறது நான் ஒருத்திதான். இது இருந்தா நானும் வரமாட்டேன்."

கல்வெட்டுக்காரர் மெஷினை ஓட்டி எழுத்தைத் தேய்த்தெடுத்தார்.

2

அடுத்து, 'தொழிலாளரின் தோழன்.'

"உன் டிரைவருங்கள கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவா?"

மறுபடி மெஷின். பிறகு, 'எளிமையின் உருவம்.' இதற்குத் தங்கச்சி அவர் விரல்களில் இருந்த மோதிரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவரே தேய்க்கச் சொல்லிக் கைகாட்டினார்.

(இங்கே அவரை அழவைத்து நல்லவராக்கிவிடலாமா என்று பார்த்தேன். எழுதுகிறவளுக்கு அது சுலபம், பேனாவில் மை இருந்தால் போதும். மனுஷர் மசியவில்லை. கல்லுக்கு வார்த்தை தேடி இத்தனை பாடுபட்டவருக்கு, அதில் ஒரு வார்த்தைப்படி ஒருநாள் வாழ்ந்து பார்ப்போம் என்று தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அதைப் பட்டறையில் செய்து தரமாட்டார்களே!)

3

"ஐயா, கல்லு மெலிஞ்சு போச்சு. இன்னும் ஒரு தடவதான் வெட்டலாம். அதுக்கப்புறம் தேய்ச்சா உடைஞ்சிடும்."

"வேற கல்லு எடுய்யா. எனக்கென்ன கல்லுக்கா பஞ்சம்?"

"கல்ல நீ மாத்திடுவே, அண்ணே," என்றாள் தங்கச்சி. "தங்கச்சிய எங்க போயி மாத்துவே?"

அவர் மோதிர விரலால் கல்லைச் சுண்டிப் பார்த்தார். "அப்ப நீயே சொல்லித் தொலை. என்ன போடலாம்?"

அவள் கல்லைத் தடவினாள். யோசித்தாள். இன்னும் யோசித்தாள். மழை விட்டுவிட்டது, எனக்கு அங்கே நிற்கச் சாக்கில்லை.

'அண்ணன்' என்று மட்டும் வெட்டியதாக ஒரு முடிவு எழுதி அடித்தேன். வெறுங்கல்லாக நட்டதாக இன்னொன்று எழுதினேன். அந்த அடக்கத்துக்கு அவர் லாயக்கில்லை, அதையும் அடித்தேன். உளியை உங்களிடம் தருகிறேன். அந்தத் தங்கச்சி தலையாட்டுகிற மாதிரி ஒரு சொல் அகப்பட்டால் வெட்டுங்கள். கல் மெலிசு, பார்த்து.

உங்கள் வீட்டில் யாருக்கும் கல்லைக் கட்டி அழும் நிலை வராமல், இருக்கும்போதே வாய்நிறையக் கூப்பிட ஆளிருந்து, எல்லாரும் நன்றாக இருங்கள், என் செல்லங்களே.