புளியமரத்தடி வருகைப் பதிவு

சின்னசேலம் ரோட்டில், பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே நின்ற புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் அம்சவள்ளியின் அப்பா செல்லமுத்துவும் ஒருவர். எண்பத்தேழாம் வருஷம், இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் அது. "நம்ம புள்ளைங்க படிச்சி உத்தியோகத்துல ஒக்காரணும்" என்று சொல்லிவிட்டுத்தான் கோடாலியைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். கடலூர் ஜெயிலில் இருப்பதாகச் சேதி வந்தது.

அப்பாவின் கூலி நின்றதும் அம்மா இருசம்மாள் தினமும் வேர்க்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போக ஆரம்பித்தாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? பள்ளிக்கூடம் போகிறவர்கள் இரண்டு பேர். அம்சவள்ளி நாலாம் வகுப்பு, தம்பி காசிநாதன் ரெண்டாம் வகுப்பு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, பெண்பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கும்போது!

"பாப்பாவத் தூக்கிக்கினு போயி அந்த மரத்துல வெறகு ஒடி. தம்பி பள்ளிக்கூடம் போவட்டும்."

"ஒரு மாசம் வரலன்னா பேர அடிச்சிடுவாங்கம்மா."

"அடிச்சிட்டுப் போறாங்க. பேரு சோறு போடுமா?"

ரோட்டோரம் கிடந்த மரத்தை ஊர்ப் பெண்கள் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அம்சவள்ளியும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளைகளை ஒடித்தாள். ஐந்து வகுப்புக்கும் ஒரே அறைதான். தெய்வசிகாமணி சார் பேர் கூப்பிடுவது ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது.

"அம்சவள்ளி."

"உள்ளேன் ஐயா" என்று ரோட்டிலிருந்தே கத்திவிட்டாள்.

வகுப்பே சிரித்தது. சார் ஜன்னலுக்கு வந்து பாப்பாவைப் பார்த்தார், விறகைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் ஒடுங்கி நின்றாள். அவரோ "சரி" என்று உள்ளே போய் நோட்டில் குறித்துக்கொண்டார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் அவரைக் கல்வராயன் மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அந்தக் கவலை இவளுக்கு எங்கே தெரியும்? சார் தெய்வம் என்றே நினைத்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடித்த நாளிலும், மழை கொட்டிய நாளிலும் மணி அடிக்கும்போது மரத்தடியில் நின்றாள். கழித்தல் கணக்கைக் காதால் கேட்டாள். போர்டு தெரியாததால் பாதிதான் விளங்கியது. போகட்டும், பேர் இருந்தால் போதும். அப்பா வந்ததும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

ஐப்பசியில் லாரி வந்து மிச்சமிருந்த அடிமரத்தை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் அம்மா அவளையும் பாப்பாவையும் தூரத்துக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள். பள்ளிக்கூட மணி அங்கே எட்டவில்லை. கூப்பிடுவார், பதில் வராது, பேரை அடித்துவிடுவார் என்றே நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்ததும் வராததுமாகத் தம்பியைப் பிடித்தாள்.

"எம் பேரக் கூப்ட்டு இன்னாடா சொன்னாரு?"

"கூப்புடவே இல்ல. ஜன்னல்ல பாத்தாரு, நீ அங்க இல்ல. வராத பொண்ணுங்க பேர சாரு கூப்புடறதில்ல, வந்ததா அவரே போட்டுக்குவாரு. உனுக்கும் போட்டுக்கினாரு. நான் எட்டிப் பாத்தேன்."

"பேர அடிக்கலியா?"

"இல்ல. நீ வந்தன்னுதான் இருக்குது."

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயத்துக்கு ஏன் அழுகிறாள் என்று காசிநாதனுக்குப் புரியவில்லை. மழையில் நனைந்து கத்தியதெல்லாம் யாருக்கும் தேவைப்படவில்லை. பேர் பத்திரமாக இருக்கிறது. நோட்டுப்படி தினமும் தவறாமல் வருகிற பிள்ளையைத் தேடி யார் வீட்டுக்கு வரப்போகிறார்கள்?