மஞ்சள் மூடி

“மாமா, அந்த டிரம்முல ஒட்டியிருந்த லேபிள் எனக்கு வேணும்.”

கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு அவள் எடுத்த எடுப்பில் கேட்டது இதைத்தான். எதைக் கேட்டாலும் கேள், டிரம்முக்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் மாமாவிடம் கேட்டுவிடாதே என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் துடித்துக்கொண்டே அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். கார் துடைக்கும் இந்தக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில்தான் தாயும் மகளும் குடியிருந்தார்கள். தம்பி முகம் சுளித்தால் அறை போய்விடும் என்பது அம்மாவின் பயம்.

மாமா கார்க் கதவைத் துடைப்பதை நிறுத்தவில்லை. நாற்காலியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த கார்க்காரர்தான் தலையைத் தூக்கினார்.

“வாங்க கெமிஸ்ட்ரி பட்டதாரி. அக்கா எப்படி இருக்கா?” என்றார் மாமா.

“விரல் எலும்புக்குள்ள நெருப்ப வச்ச மாதிரி இருக்குதாம். தோல்ல லேசா சிவப்பு, அவ்வளவுதான். என்ன பட்டுச்சுன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து போட முடியும், தாமதிச்சா விரலே போயிடும்னு டாக்டர் சொல்றாங்க.”

“சோப்புத் தண்ணின்னு சொல்லு.”

அம்மா மூன்று வீடுகளில் சமையலறை துடைப்பவள். கார்ச் சாமான்களை வீட்டுக்குள் கொண்டுபோனது அவள் மூளைதான். கார் ஏசியின் இடுக்கில் தூசி எடுக்கும் பிரஷ்ஷால் அடுப்புக் குமிழைச் சுற்றிச் சுத்தம் செய்வாள். காருக்கான மைக்ரோஃபைபர் துணியால் ஃபிரிட்ஜைத் துடைத்தால் கைரேகைகூட மிஞ்சாது. மூன்று வீட்டிலும் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். துடைக்கிற மருந்தெல்லாம் மாமா கடையிலிருந்துதான். டிரம் வந்து இறங்கியதும் மாமா முதலில் லேபிளைக் கிழிப்பார். சின்னப் பாட்டில்களில் ஊற்றி, சொந்தத் தயாரிப்பு என்பார். அடையாளத்துக்கு மூடி. நீலம் கண்ணாடிக்கு, மஞ்சள் எண்ணெய்ப் பிசுக்குக்கு, சிவப்பு சக்கரத்துக்கு மட்டும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, மூடி தெரியும். நேற்று மதியம் ஒரு வீட்டில் மஞ்சள் மூடியைத் திருகி, வெறுங்கையால் அடுப்பையும் ஓவனையும் துடைத்திருக்கிறாள். அப்போது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பிடித்துக்கொண்டது வலி.

“அந்த வீட்டம்மா ஃபோன் பண்ணாங்க மாமா. அவங்க ஓவன் கதவுக் கண்ணாடி பனி படிஞ்ச மாதிரி வெளுத்துப்போச்சாம். எந்த சோப்பு கண்ணாடியத் தின்னும்?”

“கண்ணாடின்னா பழசாகும். காலேஜுல அதச் சொல்லித் தரலியா?”

“அத மட்டும் விட்டுட்டாங்க.”

அவள் நேரே பின்பக்கம் போனாள். மாமா துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். டிரம்மிலிருந்து ஊற்றும் மூலையில் இருந்த சின்ன ஜன்னலை அவள் பார்த்தாள். தெறித்த இடமெல்லாம் கண்ணாடி வெளுத்துப் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. பக்கத்து அலமாரியில் சக்கரத்துக்கான தட்டு. அதில் ஆறு பாட்டில்கள் மஞ்சள் மூடியோடு நின்றன.

“இது சக்கரத் தட்டு. மூடி ஏன் மஞ்சள்?”

“சத்தம் போடாத. ஆள் உக்காந்திருக்காரு.”

“ஏன் மஞ்சள்?”

“சிவப்பு மூடி தீந்துபோச்சு!” மாமா பல்லைக் கடித்தார். “ரெண்டு நாள்ல வந்துடும்னு இருந்ததப் போட்டேன். உங்கம்மா என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனா நான் பொறுப்பா?”

“அவங்க என்னிக்குக் கேட்டாங்க? கேக்கக் கூடாதுன்னுதான வளத்து வச்சிருக்கீங்க.”

அவள் ஃபோனை எடுத்தாள். “சிஸ்டர், டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க. கார் சக்கரம் கழுவுற ஆசிட். கண்ணாடிய அரிக்கிற வகை, ஃபுளோரைடு. ஆமா, என் கண்ணால பாத்துட்டேன். பாட்டிலக் கொண்டு வரேன்.”

அவள் ஒரு பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் இறுக்கிக் கட்டினாள். மாமா வாசலை மறித்து நின்றார்.

“போலீஸு கீலீஸுன்னு வந்தா கடைய இழுத்து மூடணும், தெரியுமில்ல? அந்தப் பையோட இந்த வாசலத் தாண்டினா, மேல ரூம மறந்துடு.”

“மேசையப் பாருங்க மாமா.”

மேசையில் மேலறைச் சாவி கிடந்தது.

“வந்ததும் அதத்தான் வச்சேன். அதுக்கப்புறம்தான் கேட்டேன்.”

கார்க்காரர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். “ஏங்க, என் காருக்கு எந்த மூடி போட்டீங்க?”

மாமா அவர் பக்கம் திரும்பினார். அவள் பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி தெருவில் இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கம் வேகமாக நடந்தாள்.